வீட்டில் 64

குழு: பொன்மலை குடும்பம்
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா (இரவு 7:42): நேற்று வீட்டில் 64 பார்த்தேன். மிக நன்றாக இருந்தது.

மதுரை அத்தை: வீட்டில் 64 பேரா? என்ன விசேஷம் அண்ணா? எங்களுக்குச் சொல்லவே இல்லையே.

பெரியப்பா: 64 பேர் இல்லை. படம். வீட்டில்ஸ்.

சித்தப்பா: ???

நித்யா: 😂 பீட்டில்ஸ், அத்தை. இங்கிலாந்துப் பாட்டுக் குழு பீட்டில்ஸ் பற்றி 'பீட்டில்ஸ் 64' என்று ஒரு ஆவணப்படம். பெரியப்பா மைக்கில் பேசி அனுப்புகிறார். போன் அதன் இஷ்டத்துக்கு எழுதுகிறது.

பெரியப்பா: இப்போது கையால் அடிக்கிறேன். பீட்டில்ஸ். கார்த்தி கல்யாண வீடியோ எடுக்கத் திருச்சி வந்தவன் லேப்டாப்பை டிவியில் மாட்டிப் போட்டுக் காட்டினான்.

சித்தப்பா: அந்த நான்கு பேரும் முடியை வளர்த்துக்கொண்டு விமானம் ஏறினதற்கு இன்னொரு படமா? எத்தனை தடவைதான் எடுப்பார்கள்?

நித்யா: எடுத்தது ஒரே தடவைதான் சித்தப்பா. 1964 பிப்ரவரியில் அவர்கள் முதல் முறை அமெரிக்கா போய் இரண்டு வாரம் இருந்தபோது எடுத்த ஃபுட்டேஜ். அதை வைத்து முன்பே படங்கள் வந்திருக்கின்றன. இது 2024 நவம்பரில் வந்தது. மார்ட்டின் ஸ்கோர்செசி தயாரிப்பு, இயக்கம் டேவிட் டெடெஸ்கி. மொத்தம் 11 மணி நேரம் எடுத்து வைத்திருந்தார்களாம். அதில் 17 நிமிடம் இதுவரை யாரும் பார்க்காதது.

மதுரை அத்தை: எடுத்தது யார்?

கார்த்தி: அதை நான் சொல்கிறேன். இப்போதுதான் மண்டபத்திலிருந்து வந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேர், ஆல்பர்ட் மேசல்ஸ், டேவிட் மேசல்ஸ். அண்ணன் கேமரா, தம்பி சவுண்ட். வேறு ஆளே கிடையாது. இங்கிலாந்திலிருந்து கிரனாடா டிவிக்காரர்கள் போன் செய்து, இன்னும் இரண்டு மணி நேரத்தில் நியூயார்க்கில் பீட்டில்ஸ் இறங்குகிறார்கள், எடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணனுக்கு பீட்டில்ஸ் என்றால் யாரென்றே தெரியாது. தம்பிக்குத் தெரிந்திருந்தது. உடனே ஏர்போர்ட்டுக்கு ஓடியிருக்கிறார்கள்.

அம்மா: உனக்கும் இப்படித்தானே முகூர்த்தத்துக்கு முந்தின நாள் போன் வரும்.

கார்த்தி: முந்தின நாளாவது வருகிறதே அம்மா. ஆனால் அவர்களிடம் லைட் இல்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்கள் சார்" இல்லை. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு கூடவே நடப்பது, அவ்வளவுதான். கார், ஹோட்டல் அறை, ரயில் எல்லாம் அப்படியே. பின்னணியில் ஒரு குரல் வந்து விளக்கம் சொல்லாது. அன்றைக்கு இது புதுசு. படத்தோடு சேர்ந்து பேச்சும் பதிவாகிற, தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய கேமரா அப்போதுதான் வந்திருந்தது.

பெரியப்பா: விமான நிலையத்தில் ஏறக்குறைய 3,000 பேர். பிப்ரவரி 7. நிருபர்கள் கிண்டல் செய்யலாம் என்றுதான் வந்திருந்தார்கள். இவர்கள் அவர்களையே கிண்டல் செய்துவிட்டார்கள். பீத்தோவன் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். நால்வரில் ஒருவனான ரிங்கோ சொன்னான், பிரமாதம், அதிலும் அவருடைய கவிதைகள்.

சித்தப்பா: 😄 இது நல்ல பதில். ஒப்புக்கொள்கிறேன்.

நித்யா: ஒரு பாட்டுப் பாடுங்களேன் என்றதற்கு ஜான், முதலில் காசு வேண்டும் என்றான். முடி வெட்டிக்கொள்வீர்களா என்றதற்கு ஜார்ஜ், நேற்றுதான் வெட்டினேன் என்றான். அவனுக்கு அப்போது 20 வயதுதான். நான்கு பேரில் மூத்தவர்களுக்கே 23.

சித்தப்பா: காசு எவ்வளவு வாங்கினார்கள்?

நித்யா: எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சிக்கு மூன்று முறைக்கும் சேர்த்து 10,000 டாலர். பெரிய நட்சத்திரங்கள் வாங்குவதோடு பார்த்தால் குறைவுதான். மேனேஜர் பிரையன் எப்ஸ்டைனுக்குப் பணத்தைவிட நிகழ்ச்சியில் முதல் இடம் வேண்டும் என்பதுதான் குறி.

சித்தப்பா: சரி, இங்கிலாந்துப் பாட்டு அங்கே எப்படிப் பரவியது? அந்த நாளில் யூடியூபா இருந்தது?

நித்யா: அதுதான் எனக்குப் பிடித்த கதை. இங்கிலாந்தில் 1963 முழுக்க இவர்கள் ராஜாக்கள். அமெரிக்காவில் கேப்பிட்டல் என்ற ரெக்கார்டு கம்பெனி, தாய் நிறுவனமே கொடுத்தும், இந்தப் பாட்டெல்லாம் இங்கே ஓடாது என்று திரும்பத் திரும்பத் தள்ளிவிட்டது. அப்புறம் டிசம்பரில் டிவி செய்தியில் ஒரு துண்டு வந்தது. அதைப் பார்த்த மேரிலாந்துப் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, 15 வயது, வாஷிங்டன் வானொலிக்கு எழுதினாள், இந்த மாதிரிப் பாட்டு நம் ஊரில் ஏன் இல்லை என்று. அறிவிப்பாளர் ஒரு விமானப் பணிப்பெண் மூலம் லண்டனிலிருந்து ரெக்கார்டு வரவழைத்து டிசம்பர் 17 அன்று போட்டார். தொலைபேசி ஓயவில்லை. ஜனவரியில் வரவேண்டிய ரெக்கார்டை கேப்பிட்டல் டிசம்பர் 26க்கே இறக்கியது. பிப்ரவரி 1ஆம் தேதி பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டு வரிசைப் பட்டியலில் முதல் இடம்.

மதுரை அத்தை: ஒரு கடுதாசியா!

பெரியப்பா: நான் ரேடியோ சிலோனுக்கு எத்தனை எழுதினேன். ஒன்றுகூடப் போடவில்லை.

பெரியம்மா: எழுதினீர்கள், தபால்தலை ஒட்டினீர்களா?

சித்தப்பா: 😂😂

நித்யா: பெரியம்மா வந்தாச்சு 🙏

சித்தப்பா: கென்னடி சுடப்பட்ட துக்கத்தில் நாடே இருந்தது, அதனால்தான் இவர்களைப் பார்த்து அப்படிக் கூத்தாடினார்கள் என்று எங்கோ படித்தேன். படத்திலும் அதுதானா?

கார்த்தி: அந்தப் பக்கம்தான் படம் சாய்கிறது. கென்னடி இறந்தது நவம்பர் 22. இவர்கள் இறங்கியது 77 நாள் கழித்து. இறங்கின விமான நிலையத்துக்கே அவர் பெயரை அப்போதுதான் வைத்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது.

பெரியப்பா: எனக்கு அது ஒட்டவில்லை. லண்டனில் கத்தினார்களே, அங்கே யார் செத்தார்? 63 அக்டோபரில் ஸ்வீடன் போய்த் திரும்பியபோது ஹீத்ரோவில் நின்ற கூட்டத்தைப் பார்த்துதானே எட் சல்லிவனே யார் இவர்கள் என்று விசாரித்தாராம். துக்கம் இருந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 14 வயதுப் பெண்பிள்ளை டிவி முன்னால் கத்துவதற்கு அரசியல் காரணம் தேட வேண்டியதில்லை.

சித்தப்பா: இந்த விஷயத்தில் அண்ணன் பக்கம்.

மதுரை அத்தை: தங்கம் தியேட்டரில் எம்.ஜி.ஆர். வாளை உருவினால் நாங்கள் கத்தின கத்தலுக்கு எந்த ஜனாதிபதி செத்தார்? 😄

அம்மா: எல்லாரும் சாப்பிட்டாச்சா?

கார்த்தி: இனிமேல்தான் அம்மா. ஆனால் படத்தில் நிஜமான இடம் வேறு. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை இரவு. 7 கோடியே 30 லட்சம் பேர் டிவியில் பார்த்த எட் சல்லிவன் நிகழ்ச்சி. ஸ்டூடியோவில் 728 இருக்கை, கேட்டவர்கள் 50,000 பேர். இந்த அண்ணன் தம்பிக்கும் உள்ளே கேமரா கொண்டு போக அனுமதி கிடைக்கவில்லை. இரண்டு நாளாகக் கூடவே திரிந்தவர்கள், தாலி கட்டுகிற நேரத்தில் மண்டபத்துக்கு வெளியே நிற்கிறார்கள்.

சித்தப்பா: அப்புறம்?

கார்த்தி: நியூயார்க்கிலேயே ஒரு சாதாரணக் குடும்பத்தின் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து நிகழ்ச்சி பார்க்கிறார்கள். பெற்றவர்களும் அதே அறையில். கேமரா அந்த முகங்களை எடுக்கிறது. பாட்டு டிவியிலிருந்து வருகிறது, சின்னப் பெட்டியின் கரகரப்போடு. மேடையில் நடந்தது எல்லாருக்கும் தெரியும், டிவிக்காரர்களே பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதற்கு இவர்கள் எடுத்தது மட்டும்தான் இருக்கிறது. உள்ளே விட்டிருந்தால் இதை எடுத்திருக்கவே மாட்டார்கள்.

நித்யா: பெரியப்பா போன் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. வீட்டில் 64.

பெரியப்பா: 👍

மதுரை அத்தை: அந்த டிவி நிகழ்ச்சியில் ஜானுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று எழுதிக் காட்டினார்கள் என்று சொல்வார்களே, நிஜமா?

நித்யா: நிஜம் அத்தை. ஒவ்வொருவர் முகத்தின் கீழும் பெயர் வந்தது. ஜான் பெயருக்குக் கீழே, மன்னிக்கவும் பெண்களே, இவருக்குத் திருமணம் ஆகிவிட்டது என்று. மனைவி சிந்தியாவும் கூடவே வந்திருந்தார்.

மதுரை அத்தை: பாவம் அந்தப் பெண். ஊர் முழுக்கப் புருஷனைப் பார்த்துக் கத்துகிறது, இவள் ஓரமாக நிற்க வேண்டியது.

நித்யா: ஜார்ஜுக்கு அப்போது தொண்டைக் கட்டும் காய்ச்சலும். முதல் நாள் ஒத்திகைக்கே போகவில்லை. அமெரிக்காவிலேயே இல்லினாயில் குடியிருந்த அக்கா லூயிஸ் ஹோட்டலுக்கு வந்து மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டார்.

மதுரை அத்தை: அக்கா என்றால் அப்படித்தான். அண்ணா, உங்களுக்கு அம்மை போட்டபோது பெரியக்கா வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தாளே.

பெரியப்பா: நினைவிருக்கிறது. அவள் கையால் குடித்த இளநீரும் நினைவிருக்கிறது.

சித்தப்பா: வாஷிங்டனில் மேடை சுற்றியதாகக் கேள்வி. அது படத்தில் உண்டா?

கார்த்தி: அதுதான் சிரிப்பு. பனிப்புயல், விமானம் வேண்டாம் என்று ரயிலில் போனார்கள். ரயில் காட்சிதான் படத்திலேயே கலகலப்பு. ரிங்கோ போட்டோக்காரர்களின் கேமராப் பைகளை எல்லாம் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கிறான். பிப்ரவரி 11, வாஷிங்டன் கொலிசியம், 8,000 பேர். குத்துச்சண்டை நடத்துகிற மாதிரி நடுவில் மேடை, நாலு பக்கமும் ஆட்கள். எல்லாருக்கும் முகம் தெரிய வேண்டும் என்று சில பாட்டுக்கு ஒருமுறை இவர்களே மைக்கைத் தூக்கித் திசை மாற்றினார்கள். டிரம்ஸ் இருந்த சுழல் மேடை சிக்கிக்கொண்டது. உலகமே பார்க்கத் துடிக்கிற ஆட்கள், டிரம்ஸைத் தாங்களே தள்ளித் திருப்புகிறார்கள். நம் ஊர்க் கச்சேரிக்காரர்கள் அதற்குள் மேடையைவிட்டு இறங்கியிருப்பார்கள்.

நித்யா: மிட்டாய் அடியும் அங்கேதான். ஜார்ஜுக்கு ஜெல்லி பேபி பிடிக்கும் என்று எங்கோ சொல்லிவிட்டான். இங்கிலாந்தில் அது மெத்தென்று இருக்கும். அமெரிக்காவில் ஜெல்லி பீன், மேலே கெட்டி ஓடு. ஆளாளுக்கு எறிந்ததில் மேடையில் கல்லடி மாதிரி.

பெரியம்மா: சீரக மிட்டாய் எறிந்திருக்கலாம்.

சித்தப்பா: அப்படியானால் நல்ல படம் என்கிறீர்கள்.

கார்த்தி: பழைய ஃபுட்டேஜ் வரும் இடமெல்லாம் நல்ல படம். சவுண்டை இப்போதைய தொழில்நுட்பத்தில் பிரித்துச் சுத்தம் செய்திருக்கிறார்கள். கத்தலுக்கு நடுவே கிடார் தனியாகக் கேட்கிறது. ஆனால் நல்ல காட்சி ஓடும்போதே வெட்டி, இன்றைக்கு யாரையாவது உட்கார வைத்துப் பேச விடுகிறார்கள். அண்ணன் தம்பி வேண்டாம் என்று விட்ட விளக்கத்தை இவர்கள் கொண்டுவந்து ஊட்டுகிறார்கள். என் கையில் கொடுத்தால் பேட்டியில் பாதியைத் தூக்கிவிடுவேன்.

நித்யா: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று வாசலில் நின்ற பெண்கள் இன்று பாட்டிகளாகி வந்து பேசுவது எனக்குப் பிடித்தது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ஸ்மோக்கி ராபின்சன் பேசியதும். பீட்டில்ஸ் கறுப்பினப் பாடகர்களின் பாட்டைத்தான் கேட்டு வளர்ந்தார்கள், மேடையில் பாடினார்கள், அதை மறைக்காமல் சொல்லவும் செய்தார்கள்.

பெரியப்பா: மயாமி கொஞ்சம் வந்து போகிறது. அங்கே குத்துச்சண்டைக் கூடத்தில் காசியஸ் கிளேயோடு எடுத்த போட்டோ உலகத்துக்கே தெரியும், நான்கு பேரையும் ஒரே குத்தில் வீழ்த்துகிற மாதிரி. அது பிப்ரவரி 18. ஒரு வாரத்தில் அவர் லிஸ்டனை வென்று சாம்பியன். முகமது அலி ஆனது அதன் பிறகு.

அம்மா: மாமா, உங்களுக்கு இதெல்லாம் அப்போதே தெரியுமா?

பெரியப்பா: எப்படித் தெரியும்? எனக்கு 16 வயது. பொன்மலை ரயில்வே குடியிருப்பில் அடுத்த வீடு ஆங்கிலோ இந்தியர்கள். அவர்கள் வீட்டில் பெரிய வால்வு ரேடியோ. சாயங்காலம் ரேடியோ சிலோன் ஆங்கில நிகழ்ச்சி. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். வார்த்தை ஒன்றும் புரியாது. கையைப் பிடிக்க ஆசை என்கிறான் என்று அந்த வீட்டுப் பையன் பிறகு சொன்னான். அப்பாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்திருப்பார். பாடுகிறவன் முகத்தைப் பார்த்ததில்லை. கேட்டுக்கொண்டு நின்ற என் முகத்தையும் யாரும் பார்த்ததில்லை.

மதுரை அத்தை: நான் பார்த்தேன் அண்ணா. கிணற்றடியிலிருந்து. அப்பாவிடம் சொல்லவில்லை.

பெரியப்பா: 60 வருடம் கழித்துச் சொல்கிறாய்.

பெரியம்மா: அவர் பாதிப் படம் தூங்கினார். அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பெரியப்பா: பேட்டி வந்தபோது மட்டும் கண்ணை மூடியிருந்தேன்.

கார்த்தி: பெரியப்பா என் கட்சி 😄 சரி, நேற்று போனில் எடுத்தது ஒன்று இருக்கிறது. போடுகிறேன்.

கார்த்தி: 📹 வீடியோ (0:38)

நித்யா: ஐயோ! பெரியப்பா கால் தாளம் போடுகிறது!

சித்தப்பா: தலையும்.

மதுரை அத்தை: கார்த்தி, டிவியைக் காட்டவே இல்லையே நீ. என்ன பாட்டு அது?

பெரியம்மா: அவரைக் காட்டினது போதும். பின்னால் கொடியில் துணி காய்கிறது. அதை அழித்துவிட்டு வேறு போடு.