வடக்குத் தெரு உறவுகள்: ஏழாம் எண் வீட்டுப் பாட்டியின் கண்

*வியாழன்*

முனைவீட்டு அரிமா (காலை 7:10): அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 8 மணி முதல் 1 மணி வரை நம் நடுநிலைப் பள்ளியில் எங்கள் அரிமா (லயன்ஸ்) சங்கத்தின் இலவசக் கண் பரிசோதனை முகாம். மதுரையிலிருந்து மருத்துவர் குழு வருகிறது. கண்புரை முற்றியிருப்பவர்களை அன்று மதியமே பஸ்ஸில் அழைத்துப்போய், அறுவை முடித்து, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். பயணம், சாப்பாடு, உள்ளே வைக்கும் லென்ஸ் எதற்கும் பணமில்லை. மாற்றுத்துணி ஒன்று, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஆதார் நகல் எடுத்துவாருங்கள்.

மருந்துக்கடை அண்ணன் (7:24): ஒரு சொல். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அன்று காலையும் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வாருங்கள். "பரிசோதனை என்றார்களே" என்று வெறும் வயிற்றோடு வந்து வரிசையிலேயே சுருண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுத்தம் ஏறியிருந்தால் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள்.

பெங்களூரு மகன், 7ஆம் எண் (8:02): அம்மாவுக்கு வலக்கண் ஏறக்குறையப் போய்விட்டது. போன வாரம் நான் வந்திருந்தபோது காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். கேட்டால் "டம்ளர் சின்னது" என்கிறார். முகாமுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். யாராவது பேசிப் பாருங்களேன்.

மாடிவீட்டு அக்கா (8:15): நேற்றே பேசினேன், தம்பி. அவருடைய மாமியாருக்கு இதே பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுக் கண் அறுவை செய்தார்களாம். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் அசையவிடவில்லையாம். அதன் பிறகும் சோடாபுட்டிக் கண்ணாடி. "எனக்கு மணல் மூட்டை வேண்டாம், இந்த இருட்டே போதும்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

தமிழய்யா (8:40): அந்த அம்மாள் சொல்வது கட்டுக்கதையன்று. என் சிறுவயதில் நானும் பார்த்திருக்கிறேன். அன்று புரையோடு லென்ஸையும் எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே ஒன்றும் வைக்கமாட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கனத்த கண்ணாடி. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்த மனிதர். ஊரில் பரிசோதனை, மருத்துவமனையில் அறுவை என்ற முறை நம் பக்கம் வேரூன்றியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இப்போது மணல் மூட்டையும் இல்லை, பெஞ்சும் இல்லை.

மளிகை அண்ணாச்சி (8:43): ஐயா எழுதத் தொடங்கினால் என் செல்போன் சூடாகிவிடுகிறது.

தமிழய்யா (8:44): அண்ணாச்சி, நீங்கள் "ஞாயிற்றுக்கிழமை" என்பதைப் பிழையின்றி எழுதிக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

*வெள்ளி*

முனைவீட்டு அரிமா (மாலை 5:30): முகாமுக்கு லியோ பிள்ளைகள் (எங்கள் சங்கத்தின் இளையோர் பிரிவு) பத்துப் பேராவது வேண்டும். பெயர் கொடுத்தவர்கள் நான்கு பேர்தான்.

மாடிவீட்டு அக்கா (5:41): என் பையன் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, அண்ணா. பத்தாம் வகுப்பு. திங்கட்கிழமை கணக்குத் தேர்வு.

லியோ தம்பி (5:42): அம்மா, நான் ஏற்கெனவே பெயர் கொடுத்துவிட்டேன்.

மாடிவீட்டு அக்கா (5:42): இதை வீட்டில் சொல்லியிருக்கலாமே!

தமிழய்யா (6:05): அரிமா அவர்களே, கோபிக்காமல் கேளுங்கள். பிள்ளைகளுக்கு என்ன வேலை வைத்திருக்கிறீர்கள்? நான் முன்பு பணிசெய்த ஊரில் ஓர் அமைப்பு, பெயர் வேண்டாம், இருபது மாணவர்களை வெயிலில் நிறுத்தி, பதாகையைப் பிடிக்கவைத்து, படம் எடுத்து, ஆளுக்கொரு குளிர்பானம் கொடுத்து அனுப்பியது. கண்ணாடி வாங்கிக்கொண்ட கிழவருக்கு அது பொருந்தியதா என்று மறுநாள் கேட்க ஒருவரும் இல்லை. அதற்குப் பெயர் சமூகப்பணி!

முனைவீட்டு அரிமா (6:20): கோபமெல்லாம் இல்லை, ஐயா. படம் எடுப்போம், மறைக்கவில்லை. எடுக்காவிட்டால் அடுத்த முகாமுக்கு நன்கொடை வராது. ஆனால் வேலையும் இருக்கிறது. பெயர் பதிவு, பெரியவர்களைக் கைபிடித்து ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கொண்டுபோவது, பார்வைப் பலகை வரிசையை ஒழுங்கு செய்வது.

லியோ தம்பி (6:31): பலகை வரிசை எனக்கு! மாமா, ஒரு கேள்வி. சிங்கத்துக்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு? எல்லா அரிமா சங்கங்களும் ஏன் கண்ணையே பிடித்துக்கொண்டிருக்கின்றன?

முனைவீட்டு அரிமா (6:48): நல்ல கேள்வி. அரிமா சங்கம் 1917இல் அமெரிக்காவில் தொடங்கியது. மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டுத் தொழில் செய்தவர் வியாபாரிகளை ஒன்றுசேர்த்தார். 1925இல் ஒகையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையும் செவியும் இல்லாத அந்த அம்மையார், பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் ஆகமாட்டீர்களா என்று கேட்டார். அன்று பிடித்ததுதான், இன்னும் விடவில்லை. உங்கள் லியோ பின்னால் வந்தது. 1957இல் பென்சில்வேனியாவில் ஒரு பள்ளியின் பேஸ்பால் பயிற்சியாளர் மாணவர்களுக்காகத் தொடங்கினார். இப்போது 12 வயது முதல் 30 வரை சேரலாம்.

தமிழய்யா (7:02): நம் இலக்கணத்திலும் ஓர் அரிமா உண்டு, தம்பி. அரிமா நோக்கு. சிங்கம் சற்றுத் தூரம் நடந்ததும் நின்று, முன்னும் பார்க்கும், வந்த வழியையும் திரும்பிப் பார்க்கும். உங்கள் சங்கத்தில் முன்னால் பார்க்கிறவர்கள் நிறைய. திரும்பிப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்களேன். அறுவை முடிந்து வந்தவர் வீட்டுக்குப் போய், சொட்டு மருந்து விட்டார்களா, ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தாரா என்று பார்க்கட்டும்.

முனைவீட்டு அரிமா (7:15): ஏற்றுக்கொண்டேன். ஒரு பிள்ளைக்கு இரண்டு வீடு.

மளிகை அண்ணாச்சி (7:16): வாழைப்பழமும் ரொட்டியும் என் கணக்கு. பதாகையில் என் கடைப் பெயர் வேண்டாம். (சிறிய எழுத்தில் இருந்தால் தவறில்லை.)

*சனி*

மாடிவீட்டு அக்கா (இரவு 8:50): பாட்டி நாளை வருகிறார்! என் பையன் செய்த வேலை. "நாளை முகாமில் பலகையைப் பிடிக்க வேண்டும், பழக ஆளில்லை, கொஞ்சம் உட்காருங்கள் பாட்டி" என்று கேட்டிருக்கிறான். அட்டையில் ஆங்கில 'E' எழுத்தைப் பல திசைகளில் வரைந்து சுவரில் ஒட்டினான். பாட்டி இடக்கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எப்போதடா ஒட்டப்போகிறாய்?" என்று கேட்டாராம். ஒட்டியாயிற்று என்று இவன் சொல்லவில்லை. அவராகவே எழுந்துபோய்ச் சுவரைத் தடவிப் பார்த்திருக்கிறார். பிறகு பேசவே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆள் அனுப்பி, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

பெங்களூரு மகன் (8:58): தம்பி, உனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

லியோ தம்பி (9:01): கணக்குத் தேர்வுக்கு ஏதாவது சொல்லுங்கள், அண்ணா.

*ஞாயிறு*

மருந்துக்கடை அண்ணன் (காலை 8:35): பள்ளியில் இருக்கிறேன். பார்வைப் பலகை வரிசையில் எல்லாருக்கும் கண் பிரமாதமாகத் தெரிகிறது. ஏதோ கோளாறு.

முனைவீட்டு அரிமா (8:47): கண்டுபிடித்துவிட்டோம். இருபது அடி தள்ளிக் கோடு போடு என்றேன். லியோ தம்பி குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட ஒட்டத் தன் காலால் இருபது அடி வைத்துக் கோடு போட்டிருக்கிறான். பலகை ஒரு மீட்டர் முன்னால் வந்துவிட்டது. மருத்துவமனைக்காரர்கள் சிரித்துக்கொண்டே நாடா எடுத்து ஆறு மீட்டர் அளந்தார்கள். முதலில் பார்த்த ஏழு பேரையும் மறுபடி உட்காரவைத்தோம்.

தமிழய்யா (8:52): அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரும். அடிமேல் அடி வைத்தால் ஆறு மீட்டர் வராது.

லியோ தம்பி (8:53): ஐயா, இதை மட்டும் பள்ளியில் சொல்லிவிடாதீர்கள்.

மாடிவீட்டு அக்கா (பகல் 1:20): பாட்டிக்கு வலக்கண்ணில் முற்றிய புரை. கண் அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள்; தடையில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டார். கூட யாரும் வரவேண்டாம், அங்கே பார்த்துக்கொள்வார்கள் என்றார்கள். சன்னலோர இருக்கை கேட்டுச் சண்டைபிடித்து வாங்கினார்.

பெங்களூரு மகன் (1:22): ஒரு கண்ணுக்கே சன்னலா!

*செவ்வாய்*

முனைவீட்டு அரிமா (மாலை 4:10): பஸ் வந்துவிட்டது. எல்லாரும் நலம். பாட்டி கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினார். மணல் மூட்டை எங்கே என்று அங்கே செவிலியரைக் கேட்டாராம். அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

மருந்துக்கடை அண்ணன் (4:25): சீட்டைப் பார்த்தேன். சொட்டு மருந்து முதல் வாரம் நாளுக்கு ஆறு வேளை, பிறகு வாரம் ஒன்றாகக் குறையும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்புப் புகை கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, குடம் தூக்கக்கூடாது. மறுபரிசோதனைத் தேதியும் சீட்டில் இருக்கிறது.

மாடிவீட்டு அக்கா (4:31): ஒரு வாரத்துக்குச் சாப்பாடு எங்கள் வீட்டிலிருந்து. காலை இரண்டு வேளையும் பகலிலும் சொட்டு நான் விடுகிறேன். மாலையிலிருந்து இவன் முறை.

பெங்களூரு மகன் (4:40): அக்கா, சனிக்கிழமை நான் வந்துவிடுகிறேன். அதுவரை...

மாடிவீட்டு அக்கா (4:41): அதுவரை நாங்கள் இருக்கிறோம். நீ வரும்போது பெரிய டம்ளர் ஒன்று வாங்கி வா, அவர் கேட்டார்.

லியோ தம்பி (5:55): பாட்டி வீட்டுக்குப் போகிறேன். இரண்டாவது வீடு யாருடையது என்று இன்னும் சொல்லவில்லையே, மாமா?

முனைவீட்டு அரிமா (5:57): ஐயா வீட்டுக்குப் பின்னால் தையற்காரர். அவரும் அதே பஸ்ஸில்தான் வந்தார்.

மருந்துக்கடை அண்ணன் (5:58): தம்பி, இரண்டு வீட்டிலும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவு. குப்பியின் முனை கண்ணில் படக்கூடாது.