நீல நாடாவில் சிங்கி இறால்: நடித்துக் காட்டலாமா, கூடாதா?

பாரிஸ்வாசி:
பத்தொன்பதாம் நூற்றாண்டு உடை உடுத்தி, அந்தக் காலத்துப் பாரிஸ் வாழ்க்கையைத் தெருவில் நடித்துக் காட்டும் சிறு குழு ஒன்றில் நான் இருக்கிறேன். வரும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு, அந்தக் காலத்தின் விசித்திரமான வளர்ப்புப் பிராணி மோகத்தை எடுத்திருக்கிறோம். இரண்டு காட்சிகள். கவிஞர் ஜெரார் தெ நெர்வால் பாலே ரோயால் தோட்டத்தில் சிங்கி இறாலை நீல நாடாவில் கட்டி நடத்திப்போனது ஒன்று. கண்ணாடிக் கூரை வேய்ந்த கடைவீதிகளில், 1840 வாக்கில், கனவான்கள் ஆமையை உலாவக் கூட்டிப்போனது இன்னொன்று. நான்தான் நெர்வால். உயரத் தொப்பி, கறுப்புக் கோட்டு எல்லாம் தயார். பார்க்கிறவர்கள் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அதுதான் நோக்கம். உயிருள்ள ஆமை வேண்டுமா, பொம்மை போதுமா என்று குழுவுக்குள் ஒரே சண்டை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

ஏடுதேடி:
நண்பரே, ஆமை உயிருள்ளதா இல்லையா என்பது பிறகு. கதைகளுக்கு முதலில் ஆதாரம் வேண்டாமா? இறால் கதையைச் சொன்னவர் நெர்வாலின் பள்ளித் தோழர் தெயோஃபில் கோத்தியே. அவர் சொன்னது அச்சில் வந்தது நெர்வால் 1855இல் இறந்த பிறகு. ஆமாம் என்று சொல்லவும் இல்லை என்று மறுக்கவும் அப்போது ஆள் இல்லை. கோத்தியேயும் லேசுப்பட்டவர் அல்லர். 1830 பிப்ரவரி 25 அன்று விக்தோர் ஹ்யூகோவின் நாடக அரங்கேற்றத்துக்கு, ஊர் பேச வேண்டும் என்றே சிவப்பு மேற்சட்டை அணிந்து போனவர். ஒன்றைப் பத்தாக்கிச் சொல்ல அவருக்குத் தயக்கமே கிடையாது.

ஆமைக் கதை இதைவிடப் பலவீனம். எல்லோரும் மேற்கோள் காட்டுவது ஜெர்மன் சிந்தனையாளர் வால்ட்டர் பெஞ்சமினை. அவர் பிறந்ததே 1892இல். ஓரிடத்தில் 1839 என்கிறார், இன்னோரிடத்தில் 1840 வாக்கில் என்கிறார். எந்தக் கடைவீதி, யார் அந்தக் கனவான் என்று அந்த வரிகளில் ஒன்றும் இல்லை.

நடியுங்கள், தடுக்கவில்லை. ‘அன்றைய பாரிஸ் இப்படித்தான் இருந்தது’ என்று அறிவித்துவிட்டு மட்டும் நடிக்காதீர்கள். அன்றைக்கு நூறு பேர் படம் எடுத்துப் பரப்புவார்கள். மறுநாள் அதுவே வரலாறாகிவிடும்.

செங்காந்தள்:
ஏடுதேடி ஐயா, ஆதாரம் கேட்பது நியாயம். ஆனால் அந்த நூற்றாண்டில் மறுக்க முடியாதபடி நடந்தவற்றையும் பாருங்கள். லண்டன் ஓவியர் ரொசெட்டி 1869இல் ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும் வொம்பாட் என்ற விலங்கை வாங்கி வீட்டில் வளர்த்தார். சில மாதங்களுக்குள் அது இறந்துபோனது. அதன் உடலுக்குப் பக்கத்தில் தாம் அழுவதுபோல் படம் வரைந்தார், அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பாஸ்டனில் 1849 கோழிக் கண்காட்சியை ஒட்டிக் கோழிப் பித்து பரவியது. பர்ன்ஹாம் என்ற கோழி வியாபாரி 1852இல் விக்டோரியா அரசிக்கே கோழிகளைக் கப்பலேற்றி அனுப்பினார். 1890களில் அமெரிக்கப் பெண்கள் சிறு பச்சைப் பல்லியை மெல்லிய சங்கிலியில் கட்டி, சங்கிலியை உடையில் ஊசியால் குத்தி, தோள்மீது ஊரவிட்டார்கள். சந்தையில் அதற்குப் பச்சோந்தி என்று பெயர். கோத்தியேயின் வீட்டில் பூனைகளோடு வெள்ளை எலிகளும் வளர்ந்தன.

இந்தக் கூட்டத்தில் ஓர் இறால் நடந்தது என்றால் எனக்கு வியப்பே இல்லை. நெர்வால் சொன்னதாகக் கோத்தியே தரும் பதிலை நீங்கள் மறந்துவிட்டீர்கள். நாய், பூனை, சிங்கம் போன்றவற்றைக் கூட்டிப்போகலாம் என்றால் இறால் மட்டும் எப்படிக் கேலிக்குரியதாகும்? இறால் அமைதியானது, கடலின் இரகசியம் அறிந்தது, குரைக்காது. இந்தப் பதில் மேடையேறத் தகுந்தது. பொய்யாகவே இருந்தாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொய்.

கடலோரம்:
எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். இந்த இழையில் யாரும் இறாலைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

நம் தூத்துக்குடிக் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது, நீண்ட மீசைதான். பாரிஸ் கதையில் வருவது அட்லாண்டிக் இனம். நண்டுக்கு இருப்பதுபோல் பருத்த கொடுக்குகள் உண்டு. எதுவானாலும் மூச்சு செவுளில்தான். ஈரச் சாக்கில் சுற்றிக் குளிரில் வைத்தால் தரையில் ஒரு நாளைக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும், அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நடக்காது. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த எடையை அந்த மெல்லிய கால்கள் திடீரென்று எப்படித் தாங்கும்? நாலு அடி ஊர்ந்துவிட்டு, கொடுக்கைத் தரையில் போட்டுக்கொண்டு கிடக்கும். ஜூன் மாத வெயிலில் சரளைக்கல் பாதையில் விட்டால் செவுள் காய்ந்து செத்துப்போகும். நீங்கள் ஆமையைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இறாலைக் கடையில் உயிரோடு வாங்குவதாக எண்ணம் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நண்டும் இறாலும் உணர்வுள்ள உயிர்கள் என்று பிரிட்டன் 2022இல் சட்டத்திலேயே எழுதிவிட்டது. செங்காந்தள் சொன்ன பல்லியும் சங்கிலியில் கிடந்து எத்தனை நாள் பிழைத்திருக்கும்? அந்தக் காலத்து மோகத்தைக் காட்டுகிறேன் என்று அந்தக் காலத்துக் கொடுமையையும் திரும்பச் செய்யக் கூடாது.

இன்னொன்று. இந்தக் கதைக்கு வரையப்பட்ட படங்கள் எனக்குக் கண்ணில் பட்டவரை எல்லாவற்றிலும் இறால் சிவப்பு. வெந்த இறால்தான் சிவப்பு. ஐரோப்பிய இறால் உயிரோடு இருக்கும்போது கருநீலம். சிவப்பு இறாலை நாடாவில் இழுப்பவர், வெந்து முடிந்த உணவை இழுக்கிறார்.

ஏடுதேடி:
கடலோரம் சொல்வது என் ஐயத்தை உறுதியாக்குகிறது. நடக்கவே முடியாத பிராணி தோட்டத்தில் உலா வந்ததாம்.

கடலோரம்:
உலா வந்திருக்காது என்கிறேன். நாடா கட்டி நாலு அடி இழுத்துப் பார்த்திருக்கலாம். மீதியைக் கதை இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

மூன்றாம்பிறை:
நான் இந்தக் காட்சியையே எதிர்க்கிறேன். பொம்மை இறாலாக இருந்தாலும் எதிர்க்கிறேன்.

நெர்வாலுக்கு 1841இல் மனம் கலங்கியது. மோன்மார்த்ரில் மருத்துவர் பிளாஞ்ச் நடத்திய இல்லத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதன்பின் பலமுறை அப்படி ஆனது. 1855 ஜனவரி 26 விடியலில், கடுங்குளிரில், வியெய் லந்தேர்ன் என்ற சந்தில் தூக்கில் தொங்கினார். வயது 46. இருபது வயது நிறையும் முன்பே ஜெர்மன் கவிஞர் கோத்தேயின் ஃபாவுஸ்ட் நாடகத்தைப் பிரெஞ்சில் தந்தவர். அவர் பெயரைக் கேட்டால் இன்று பலருக்கு இறால் மட்டும்தான் ஞாபகம் வருகிறது.

என் தம்பிக்கு இதே நோய். எங்கள் தெருவில் அவன் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே நடந்து காட்டுவார்கள், பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். உயரத் தொப்பி போட்டுக்கொண்டால் அது வேறு சிரிப்பாகிவிடும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பாரிஸ்வாசி:
மூன்றாம்பிறை, இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் நான் எதுவும் எழுதவில்லை. குழுவில் வாசித்துக் காட்டினேன். உங்கள் தம்பியைப் பற்றி எழுதியதற்கு நன்றி.

என் பக்கத்தையும் கேளுங்கள். கதைப்படி நெர்வால் பித்தர்போல் உளறவில்லை, வாதாடுகிறார். கோத்தேக்கு நாய் என்றால் ஆகாது, அவர் என்ன பைத்தியமா என்று கேட்கிறார். ஃபாவுஸ்டில் சாத்தான் வீட்டுக்குள் நுழைவதே கறுப்பு நாயாகத்தான். அந்த நூலைப் பெயர்த்தவர் வாயில் இந்தக் கேள்வி வரும்போது, கேட்டுக்கொண்டு நிற்கும் கனவான்கள்தானே திணறுகிறார்கள்? காட்சியை அப்படி மாற்றி எழுதுகிறேன். நான் இறாலோடு அசையாமல் நிற்பேன். நாய்களுக்குச் சட்டை போட்டுக் கொண்டுவருகிற நால்வர் என்னைச் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்வேன். சிரிப்பு அவர்கள் பக்கம் போகும்.

மூன்றாம்பிறை:
முன்னதைவிட நல்லது. ஆனால் தெருவில் போகிறவர் அரை நிமிடம் நின்று பார்ப்பார். தொப்பி, நாடா, இறால் இவ்வளவுதான் அவர் கண்ணில் படும். பதிலைக் கேட்க நிற்க மாட்டார்.

செங்காந்தள்:
அப்படியானால் ஆமைக் காட்சியை முதலில் வையுங்கள். அதில் யாருடைய நோயும் இல்லை. கண்ணாடிக் கூரை வேய்ந்த கடைவீதிகளில் ஒன்றான கலேரி விவியென் 1826இல் திறந்தது, 176 மீட்டர் நீளம். நிமிடத்துக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஆமையைப் பின்தொடர்ந்தால் அந்தக் கோடிக்குப் போக 35 நிமிடம் ஆகும். 35 நிமிடமும் அவசரமே இல்லாமல் நடக்க வேண்டும். ஒரே கையுறைக் கடையை மூன்று முறை பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் கூடவே நடந்து வருகிறவர்கள் இறால் காட்சியில் பதிலையும் நின்று கேட்பார்கள்.

கடலோரம்:
ஆமையும் பொம்மைதானே? பிரான்சில் ஹெர்மான் ஆமை பாதுகாக்கப்பட்ட இனம். வழவழப்பான மொசைக் தரையில், நூறு காலுக்கு நடுவில், எந்த ஆமையும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உங்கள் 35 நிமிடம் 35 மணி நேரமாகும்.

பாரிஸ்வாசி:
முடிவு செய்துவிட்டோம். உயிருள்ள பிராணி ஒன்றுகூட இல்லை, நாய்களும் துணிப் பொம்மைகள்தான். ஆமை காகிதக்கூழில், அடியில் சக்கரம் வைத்து. இறால் மரத்தில். ஆமைதான் முதலில். இறால் காட்சியில் ஓர் அட்டை இருக்கும்: ‘இது கோத்தியே சொன்ன கதை. நெர்வால் இறந்த பிறகு அச்சானது.’ ஏடுதேடி ஐயா, இது போதுமா?

ஏடுதேடி:
இறாலுக்குப் போதும். ஆமைக்கும் ஓர் அட்டை வையுங்கள். ‘நூறாண்டு கழித்து வால்ட்டர் பெஞ்சமின் எழுதியது’ என்று.

மூன்றாம்பிறை:
நான் வரமாட்டேன். என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த அட்டையில் ‘ஃபாவுஸ்டை மொழிபெயர்த்தவர்’ என்று ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன்.

பாரிஸ்வாசி:
முதல் வரியாகவே சேர்த்துவிட்டேன். கடலோரம், நாளைக்கு வர்ணம் பூசுகிறோம். முழுக்கக் கருநீலம் போதுமா?

கடலோரம்:
முதுகும் கொடுக்கின் மேல்புறமும் கருநீலம். வயிற்றுப் பக்கம் வெளிர் மஞ்சள். மீசை மட்டும் சிவப்பு, உயிரோடு இருக்கும்போதே அது அப்படித்தான். நாடாவைக் கொடுக்கில் கட்டாதீர்கள், ஓட்டுக்கும் வாலுக்கும் நடுவில் கட்டுங்கள்.