சாயங்காலம் 4 மணிக்கு இனிப்பு கேட்கும் நாக்கு: காரணம் என்ன, என்ன செய்யலாம்?

நாலுமணிடீ (கேள்வி)

வேலை நாட்களில் சாயங்காலம் 4 மணி ஆனால் இனிப்பு கேட்கிறது. டீயோடு நாலைந்து பிஸ்கட், அலுவலகத்தில் யாராவது ஸ்வீட் பாக்ஸ் திறந்து வைத்திருந்தால் அதுவும். ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு 9.30 வாக்கில் இன்னொரு தடவை. அப்போது பசியே இருக்காது.

காலை 8 மணிக்கு 4 இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சாதம், சாம்பார், ரசம், பெயருக்குக் கொஞ்சம் பொரியல். ஒரு நாளைக்கு 4 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. தூக்கம் ஐந்தரை, ஆறு மணி நேரம். வயது 38. வெறும் வயிற்றுச் சர்க்கரை 94, மாத்திரை எதுவும் இல்லை.

இது ஏதாவது சத்துக் குறைவா? வெல்லத்துக்கு மாறினால் சரியாகுமா? ஒரேயடியாக நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா? "மனசைக் கட்டுப்படுத்துங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், ப்ளீஸ்.

தட்டும்தராசும்

சத்துக் குறைவு என்ற கோணத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். மெக்னீசியம் குறைந்தால் சாக்லேட் கேட்கும் என்று சுற்றும் கதை உண்மையானால் கீரையும் வேர்க்கடலையும் பூசணி விதையும் அல்லவா கேட்க வேண்டும்? அவற்றில் மெக்னீசியம் தாராளம். இரும்புச்சத்து குறைந்தவர்கள் பச்சரிசி, ஐஸ் கட்டி, மண் என்று தேடுவது உண்மை. இனிப்புக்கு அப்படி ஒரு தொடர்பு நிரூபணம் ஆகவில்லை.

உங்களுக்கு 4 மணிக்கு வருவது பெரும்பாலும் காலையும் மதியமும் சாப்பிட்டதன் பாக்கி. 4 இட்லியும் சட்னியும் சேர்த்துப் புரதம் 10 கிராமைத் தாண்டாது. இட்லி மாவு அரைத்துப் புளித்து ஆவியில் வெந்தது, வேகமாகச் செரிக்கும். மதியச் சாதமும் அதே ரகம். ரத்தத்தில் குளுக்கோஸ் சட்டென்று ஏறும், இன்சுலின் அதை இறக்கும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு முன் இருந்த அளவுக்கும் சற்றுக் கீழே போகும். அது நோய் அல்ல, தாழ்சர்க்கரை என்று பெயர் வைக்கும் அளவுக்கான இறக்கமும் அல்ல. ஆனால் மூளை "வேகமாக ஏறும் சாப்பாடு கொண்டா" என்று கேட்க அது போதும்.

ஒவ்வொரு வேளையும் 20 முதல் 25 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் 3 இட்லி, கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், 2 முட்டை என்றால் அளவு வந்துவிடும். முட்டை ஆகாதென்றால் அரிசியும் பருப்பும் சரிபாதி போட்டு அரைத்த அடை இரண்டு, ஒரு கிண்ணம் தயிர். மதியம் சாதத்தைப் பாதியாக்கி, முதலில் பொரியலையும் கூட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சாதத்துக்கு வாருங்கள். காய்கறியும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசையை மாற்றினாலே குளுக்கோஸ் ஏற்றம் தணிகிறது என்று நீரிழிவு உள்ளவர்களிடம் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம் ஊரில் சிக்கல் என்னவென்றால் பொரியலின் அளவு. ஒரு கரண்டி பொரியலை முதலில் தின்றாலும் கடைசியில் தின்றாலும் ஒன்றுதான். ஒரு கிண்ணமாவது வேண்டும்.

சாயங்காலம் 4 மணிக்குக் கேட்கிறது என்றால் 3.30க்கே சுண்டல் உள்ளே போயிருக்க வேண்டும். ஆசை வந்த பிறகு சுண்டலை எடுத்தால் கை பிஸ்கட்டுக்குத்தான் போகும். உலர்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் ஓர் ஆளுக்குச் சரி. ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் வேகவைத்தால் டப்பாவில் எடுத்துப் போகலாம். வெயில் காலத்தில் தேங்காய் சேர்க்காதீர்கள், மதியத்துக்குள் ஊசிப்போகும். கடுகு, மிளகாய், கொஞ்சம் எலுமிச்சை போதும்.

தூக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பார்த்தார்கள். 10 மணி நேரம் படுத்த இரவுகளோடு ஒப்பிட்டால் பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் அதிகம், போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைவு. ஆசை அதிகம் போனது இனிப்பு, உப்பு நொறுக்கு, மாவுப் பண்டங்கள் பக்கம். ஆறு மணி நேரத்தை ஏழாக்காமல் மற்றதை மட்டும் செய்தால் பலன் அரைகுறைதான்.

டிகாக்‌ஷன்

மேலே சொன்னதோடு டீயையும் பிடிக்கணும். மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம். நாம் போடுவது குவியல், அது 6 கிராம்கூட வரும். ஆக 4 டீயில் 32 முதல் 48 கிராம். 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கும் சர்க்கரையின் மேல் வரம்பு சுமார் 50 கிராம், 25க்குள் இருந்தால் நல்லது. பிஸ்கட் கணக்கை இன்னும் தொடவே இல்லை.

குறைப்பதில் எல்லாரும் சறுக்குவது ஒரே இடத்தில்: சர்க்கரையை மட்டும் குறைத்துவிட்டு டீயை அப்படியே போடுவார்கள். பாலோடு சேர்த்து ஏழெட்டு நிமிடம் கொதித்த டீத்தூளின் துவர்ப்பை அதுவரை மறைத்தது அந்த 2 ஸ்பூன்தான். அது போனதும் வாயில் வைக்க முடியாது, மூன்றாம் நாள் பழையபடி. அதனால் இரண்டையும் சேர்த்துக் குறைக்கணும். ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் தூள் என்றால் முக்காலாக்குங்கள். தண்ணீரில் 2 நிமிடம் கொதித்ததும் பாலை விட்டு, ஒரு பொங்கு வந்ததும் இறக்குங்கள். ஏலக்காய் ஒன்றைத் தட்டிப் போடலாம். அந்த வாசனையை நாம் பாயசத்தோடு பழகியிருக்கிறோம், இனிப்பு கூடுதலாக இருப்பதுபோல் தெரியும். காபிக்காரர்கள் சிக்கரி குறைந்த தூளுக்கு மாறுங்கள். 60க்கு 40 கலவையைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பது தண்டனை.

அளவு: கப்புக்கு அரை டீஸ்பூன் குறைத்து 10 நாள் அப்படியே விடுங்கள். பிறகு இன்னொரு அரை. 2லிருந்து அரைக்கு வர ஒரு மாதம். எல்லா டீயிலும் ஒரே அளவு இருக்கணும். வீட்டில் ஒன்று, கடையில் இரண்டு என்று இருந்தால் நாக்கு கடையைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். கடையில் மாஸ்டர் கண்ணாடி டம்ளரில் சர்க்கரையை முதலிலேயே போட்டு வைத்திருப்பார், ஆர்டர் சொல்லும்போதே "அரைச் சர்க்கரை" என்று சொல்லிவிடுங்கள். அலுவலக மிஷினில் வரும் பிரீமிக்ஸ் டீயில் சர்க்கரை உள்ளேயே கலந்திருக்கும், அதைக் குறைக்க வழியில்லை. டீத்தூளும் வெந்நீரும் தனியாக வரும் மிஷினா என்று பாருங்கள்.

வெல்லம் விஷயம். வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் கருப்பட்டியிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். ரத்தத்தில் ஏறுவதில் சொல்லும்படி வித்தியாசம் கிடையாது. இரும்பு இருக்கிறது, ஆனால் டீக்குப் போடும் 8 கிராமில் கிடைப்பது அற்பம். "நல்லதுதானே" என்று கை தாராளமாகப் போடுவதுதான் நிஜமான ஆபத்து. ருசிக்காகப் போடுங்கள், மருந்தாக நினைத்து வேண்டாம். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துவிடும், இறக்கிய பிறகு கலக்குங்கள்.

நாலுமணிடீ

நன்றி. அப்படியானால் இனிப்பு மாத்திரை அல்லது ஸ்டீவியா போட்டுக் குடித்தால் ஒரே நாளில் 32 கிராம் மிச்சமாகுமே? 9.30 மணி விஷயம் இன்னும் புரியவில்லை. வயிறு நிறைந்திருக்கும்போது ஏன்?

தட்டும்தராசும்

9.30 மணியில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஒரே ருசியைத் தொடர்ந்து சாப்பிட்டால் அந்த ருசி மட்டும்தான் சலிக்கும். 1980களின் தொடக்கத்திலேயே பார்பரா ரோல்ஸ் குழுவினர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். சாம்பார் சாதம் போதும் என்றாகும், பாயசத்துக்கு இடம் இருக்கும். பந்தியில் தினம் பார்ப்பதுதான். இரண்டாவது, பழக்கம். டிவி, சோபா, 9.30 என்ற மூன்றும் சேர்ந்தால் இனிப்பு வரும் என்று மூளை கற்று வைத்திருக்கிறது. ஆசையைத் தூண்டும் மூளை ரசாயனமான டோபமின், இனிப்பு வாயில் படும்போது மட்டுமல்ல, அது வரப்போகும் அறிகுறியைப் பார்த்ததுமே சுரக்கும். டப்பா கண்ணில் படுவதே போதும்.

எனவே இனிப்பைச் சாப்பாட்டுக்குள்ளேயே கொண்டுவாருங்கள். தட்டில் கடைசியாகச் சின்னக் கடலை மிட்டாய் ஒன்று, அல்லது 70 சதவீதக் கறுப்புச் சாக்லேட் 20 கிராம் (சர்க்கரை சுமார் 6 கிராம்). சாப்பிட்டதும் பல் துலக்கிவிட்டு, 9.30க்கு அந்த சோபாவில் இல்லாமல் இருங்கள். 15 நிமிட வேக நடை நல்லது. எக்ஸிட்டர் பல்கலைக்கழக ஆய்வில், நடந்துவிட்டு வந்து வேலை பார்த்தவர்கள் நடக்காதவர்களைவிடப் பாதி சாக்லேட்தான் தின்றார்கள். "நினைக்கக் கூடாது" என்று உட்கார்ந்தபடியே போராடுவது உதவாது, நினைப்பு கூடும். அந்தக் கற்பனையில் லட்டு கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா, கண்ணுக்கு வேறு வேலை கொடுங்கள். கட்டங்களை அடுக்கும் மொபைல் விளையாட்டை மூன்று நிமிடம் ஆடினாலே ஆசையின் வேகம் சற்று இறங்குகிறது என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டீவியா, சுக்ரலோஸ் எல்லாம் நாக்கை ஏமாற்றும், குடலை ஏமாற்றாது. 2020இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் சுக்கர் குழு எலிகளில் காட்டியது இதுதான்: இனிப்பை அறியும் நாக்கு உணர்வியே இல்லாத எலிகூடச் சில நாட்களில் சர்க்கரைத் தண்ணீரைத் தேடிப் போகக் கற்றுக்கொள்கிறது, ஏனென்றால் குடலிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குத் தனிச் செய்தி போகிறது. செயற்கை இனிப்பூட்டி அந்தச் செய்தியை அனுப்பவில்லை. மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் மாத்திரை போட்ட டீ குடித்துவிட்டு "ஏதோ குறையுதே" என்பவர்களை நிறையப் பார்க்கலாம். உடல் எடைக்காக இவற்றை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. ஒரு மாதம் ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அதே இனிப்பளவில் வருஷக்கணக்கில் போனால் நாக்கு மாறாது.

மூலிகைத்தோட்டம்

சிறுகுறிஞ்சானை யாரும் சொல்லவில்லையே. சர்க்கரைக்கொல்லி என்று பெயர் வந்ததே அந்த வேலைக்காகத்தான். பச்சை இலை ஒன்றிரண்டை ஒரு நிமிடம் மென்று நாக்கு முழுக்கப் படவிட்டுத் துப்பி, வாயைக் கொப்பளித்தால் போதும். அதிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை அறியும் உணர்வியை அடைத்துவிடும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை சர்க்கரை வாயில் ஆற்று மணல் மாதிரி நறநறக்கும், ஜாங்கிரி வெறும் எண்ணெய் மாவாகத் தெரியும். 3.45க்கு மென்றால் 4 மணி பிஸ்கட்டில் சுவாரசியம் இருக்காது. காப்ஸ்யூலாக விழுங்கினால் இந்த நாக்கு வேலை நடக்காது, பலர் ஏமாறுவது அங்கேதான். சாயங்கால டீயும் சப்பென்று ஆகும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வார்டுநர்ஸ்

சிறுகுறிஞ்சான் பதிவுக்குக் கீழே இதைக் கட்டாயம் சேர்க்கணும். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. உள்ளே போனால் ரத்தச் சர்க்கரையையும் இறக்கும்.

கேள்வி கேட்டவருக்கு மாத்திரை இல்லை, சரி. ஆனால் இந்த இழையை அப்பா அம்மாவுக்கு அனுப்பப் போகிறவர்கள் கவனிக்கணும். இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீர்னு இனிப்பு வேணும்னு தோன்றி, கூடவே வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பார்வை மங்கல், எரிச்சல் இருந்தால் அது ஆசை இல்லை, தாழ்சர்க்கரை. அங்கே கட்டுப்பாடு காட்டக் கூடாது. மீட்டர் இருந்தால் உடனே பாருங்க, 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. மீட்டர் இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்காமல் கொடுங்க. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறிய பிறகு அடுத்த சாப்பாட்டுக்கு நேரம் இருந்தால் இரண்டு இட்லியோ பாலோ கொடுக்கணும், இல்லைன்னா மறுபடி இறங்கும். சாக்லேட், ஐஸ்கிரீம் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க, 108ஐக் கூப்பிடுங்க.

வீட்டில் பலருக்குத் தெரியாத ஒன்று: மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்று சேர்ந்திருந்தால் சாதாரணச் சர்க்கரையோ வெல்லமோ கொடுத்து உடனடிப் பலன் கிடைக்காது. சுக்ரோஸை உடைக்கும் நொதியையே அந்த மருந்து தடுக்கிறது. குளுக்கோஸ் பவுடர்தான் வேலை செய்யும், ஒரு பாக்கெட் பையிலேயே இருக்கட்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை அபூர்வம்.

டிகாக்‌ஷன்

ஒரேயடியாகவா படிப்படியாகவா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. என் கருத்து: டீக்குப் படிப்படி, பிஸ்கட்டுக்கு ஒரேயடி. டீயில் அரை ஸ்பூன் என்று அளக்க முடியும். பாக்கெட் பிரித்த பிஸ்கட்டில் இரண்டோடு நிற்பது நடக்காத காரியம், அந்த மேசை டிராயரில் பாக்கெட்டே இருக்கக் கூடாது. எதையாவது நிறுத்தினால் முதல் சில நாட்கள் ஆசை கூடத்தான் செய்யும், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். சில வாரம் தாண்டினால் குறைகிறது என்பதுதான் இதுவரையிலான ஆய்வுகளின் போக்கு. "சர்க்கரை சேர்க்காதது" என்று அட்டையில் இருந்தால் பின்பக்கம் திருப்பி மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் பவுடர்) இருக்கிறதா என்று பாருங்கள். அது சர்க்கரைக் கணக்கில் வராது, ரத்தத்தில் சர்க்கரையைவிட மெதுவாக ஏறுவதும் இல்லை. மால்டிடால் (சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பூட்டி) என்றிருந்தால் நாலு துண்டுக்கு மேல் போகாதீர்கள், வயிறு பொருமி மீட்டிங்கில் உட்கார முடியாது.