கொசுவம் மடிக்க வேண்டும் என்கிறார் அம்மா. ரோபோ பயிற்சிக்குப் பணம் கட்டலாமா?

நெல்லைப்பெண்:
அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து அரை ஆண்டு ஆகப்போகிறது. வலது பக்கம். நடை ஓரளவு திரும்பிவிட்டது. கையைத் தூக்குகிறார், விரல்களை மடக்குகிறார், விரிப்பதுதான் பெரும்பாடு. நகரத்தில் ஒரு தனியார் மையம் ரோபோ கைப்பயிற்சித் தொகுப்பு ஒன்றைச் சொல்கிறது. கையை இயந்திரத்தில் கட்டிவிடுகிறார்கள். திரையில் தெரியும் பந்தை அவர் இலக்குக்கு நகர்த்த வேண்டும். தொகை எங்களுக்குப் பெரியது. அம்மாவின் ஆசை ஒன்றே ஒன்று: தானே கொசுவம் வைத்துச் சேலை கட்ட வேண்டும். மருமகள் கட்டிவிடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அந்த மையத்தில் இதை யாரும் கேட்கவே இல்லை. சேர்க்கலாமா?

பொறியியலாளன்:
பணம் புரட்ட முடிந்தால் சேருங்கள். நான் மறுவாழ்வுக் கருவிகள் வடிவமைப்பவன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரணம் எண்ணிக்கை. அமெரிக்க, கனடா மையங்களில் சிகிச்சை நடக்கும்போதே அருகில் இருந்து எண்ணிப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. கையை ஒரு செயலுக்காக அசைப்பது ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறைதான். மூளையின் இணைப்புகள் மாறுவதைக் காட்டிய விலங்குச் சோதனைகளிலோ ஒரு நாள் கணக்கே நூற்றுக்கணக்கில் இருந்தது. எந்த மனிதர் ஒரு நோயாளியின் கையை ஐந்நூறு முறை, ஒரே பொறுமையோடு, ஒவ்வொரு முறையும் எவ்வளவு அசைந்தது என்று குறித்துக்கொண்டே தாங்கிப் பிடிப்பார்? இயந்திரம் பிடிக்கும். கொசுவம் பிறகு. முதலில் விரல் விரியட்டும்.

செயல்வழி:
"கொசுவம் பிறகு" என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்; அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பயிற்றுவிப்பவள். அந்த அம்மாவுக்குப் பயிற்சியில் ஆர்வம் இருக்கிறதென்றால் அது கொசுவத்தால்தான் இருக்கிறது. அதைத் தள்ளிவைத்துவிட்டுப் பந்தைக் கொடுக்கிறார்கள்.

எண்ணிக்கை பற்றிப் பேசினீர்கள். பிரிட்டனில் ராட்டுல்ஸ் என்ற பெரிய ஆய்வு நடந்தது; 2019இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்டது. 770 நோயாளிகள், மூன்று பிரிவுகள். ஒரு பிரிவுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பிறந்த மானஸ் ரோபோவில் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு அதே அளவு நேரம், வாரம் மூன்று முறை, 45 நிமிடம், 12 வாரம், அன்றாடச் செயல்களைத் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மூன்று மாத முடிவில் கையின் செயல்திறனில் தேறியவர்கள் ரோபோ பிரிவில் 44 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 42 சதவீதம். வேறுபாடு இல்லை என்றே பொருள்.

இன்னொரு முடிவும் அதில் இருக்கிறது. ரோபோவில் பயின்றவர்களின் கை அசைவுக் குறைபாடு குறைந்தது. அன்றாட வாழ்க்கைக்கு அது வந்து சேரவில்லை. செயல்களைப் பயின்ற பிரிவுக்குத்தான் அன்றாட வேலைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது.

பொறியியலாளன்:
பாதியை விட்டுவிட்டீர்கள். ராட்டுல்ஸில் செயல்பயிற்சிப் பிரிவில் தேறியவர்கள் 50 சதவீதம். 42க்கும் 50க்கும் உள்ள இடைவெளியும் முதன்மை அளவீட்டில் புள்ளியியல்படி நிற்கவில்லை; தற்செயலாகவும் வந்திருக்கலாம். அன்றாட வேலைகளில் முன்னேற்றம் என்பது துணை அளவீடு. ஒரு பக்கத் தோல்வியைத் தோல்வி என்றும் மறுபக்கத் தோல்வியை வெற்றி என்றும் படிக்கக் கூடாது.

2018இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 45 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது; 1,619 பேர். இயந்திரக் கைப்பயிற்சியால் அன்றாடச் செயல், கைச் செயல்பாடு, வலிமை மூன்றும் மேம்பட்டன என்றது. முன்னேற்றம் சிறிது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒப்பீடு எதனோடு? நல்ல தெரபிஸ்டுகள் நாள்தோறும் கிடைக்கும் நாடுகளின் சிகிச்சையோடு. இந்த அம்மாவுக்கு அப்படி எத்தனை பேர் கிடைப்பார்கள்?

ஊர்ப்பிசியோ:
இரண்டு பேரும் லான்செட்டில் நின்று பேசுகிறீர்கள். நான் கிராமங்களில் வீடு வீடாகப் போகிற பிசியோ. 2021இல் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, நடக்க முடியாதவர்களின் வீட்டு வாசலுக்கு இயன்முறை சிகிச்சை போகிறது. அது பெரிய மாற்றம். ஆனாலும் ஒருவர் எத்தனை வீட்டுக்குப் போவார்? அடுத்த முறை போகும்வரை அந்தக் கையை யார் பார்ப்பது?

குடும்பம் பார்க்கட்டும் என்பார்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்து அட்டென்ட் என்ற ஆய்வு அதையும் சோதித்துவிட்டது. ஒரு பிரிவுக்கு, வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அவர் வழியாகவே மறுவாழ்வு சிகிச்சை; மறுபிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 2017இல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். ஏற்கெனவே களைத்திருக்கும் வீட்டாரின் தலையில் சுமையை வைத்தால் போதாது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

எனக்கு உள்ள அச்சம் வேறு. எங்கள் பக்கத்தில் பிசியோ என்றால் "கரண்ட் வைப்பது" என்றுதான் பொருள். கையை நீட்டிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள்; இயந்திரம் ஏதோ செய்யும், எழுந்து போவார்கள். ரோபோவும் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். கையை இயந்திரமே இழுத்துக்கொண்டு போனால் மூளைக்கு அதில் வேலை எதுவும் இல்லை. நோயாளி முதலில் முயல வேண்டும்; குறைகிற அளவுக்கு மட்டுமே இயந்திரம் தாங்க வேண்டும். அந்த மையத்தில் எந்த அமைப்பில் ஓட்டுகிறார்கள் என்று கேட்டீர்களா அம்மா?

செயல்வழி:
இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயந்திரம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதே என் கேள்வி.

நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஒரு குழுவினர் இதைத் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். மாஸ்ட்ரிக்ட், ஹாசெல்ட் பக்கம். ஹாப்டிக்மாஸ்டர் என்ற ரோபோ கையைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் முதல் நாள் நோயாளியை அதன்முன் உட்காரவைப்பதில்லை, கேட்கிறார்கள். எந்த வேலையைச் செய்ய முடியாமல் தவிக்கிறீர்கள்? அது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? இப்போது எப்படிச் செய்கிறீர்கள், அதில் எவ்வளவு மனநிறைவு? ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து பத்துக்குள் நோயாளியே மதிப்பெண் போடுகிறார். கனடாவில் உருவான நேர்காணல் முறை இது. இரண்டு புள்ளி ஏறினால் பொருட்படுத்தத்தக்க மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறோம். அதன் பிறகு அந்த வேலையைச் சிறு திறன்களாகப் பிரித்து, அந்தத் திறன்களை இயந்திரத்தில் பயிற்றுவிக்கிறார்கள்.

கொசுவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இடது கை சேலையின் மேல்விளிம்பைப் பிடிக்கிறது. வலது கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும் விரிந்து, துணியை நழுவவிடாமல், நசுக்காமல் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு ஒவ்வொரு மடிப்புக்கும் திரும்பி வர வேண்டும். ஏற்கெனவே மடித்தவற்றை விடாமல் அடுத்ததை எடுக்க வேண்டும். கடைசியில் மொத்தத்தையும் இடுப்பில் செருகக் கட்டைவிரலுக்கு உந்துவிசை வேண்டும். இவ்வளவும் நின்றபடி, கீழே குனிந்து பார்த்தபடி! இதில் எதற்கு இயந்திரம் உதவும், எதற்கு உதவாது என்று ஒரு தெரபிஸ்ட் உட்கார்ந்து யோசித்தால் அந்தப் பணத்துக்கு ஒரு நியாயம் உண்டு. இடமும் வலமும் பந்தைத் தள்ளுவதில் இந்தத் திறன்களில் ஒன்றுகூட இல்லை.

பொறியியலாளன்:
அருமையாகப் பிரித்தீர்கள். அதே குழு 2014இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்லுங்கள். நாள்பட்ட பக்கவாத நோயாளிகள் 22 பேர். ஒரு பிரிவு ரோபோவோடும் மறுபிரிவு ரோபோ இல்லாமலும் செயல்சார் பயிற்சி செய்தது. இரண்டு பிரிவும் முன்னேறின. இடையே வேறுபாடு இல்லை.

செயல்வழி:
ஆம். இரண்டு பிரிவிலும் செயல்சார் பயிற்சி இருந்தது. இரண்டும் முன்னேறின. இதை நீங்கள் எனக்கு எதிராகவா எடுத்து வைக்கிறீர்கள்?

பொறியியலாளன்:
22 பேரை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்காக வைக்கிறேன். அமர்வில் தெரபிஸ்ட் ஒரு மணி நேரம் கூடவே இருந்தால் ரோபோ தேவையில்லாமல் போகலாம். அவர் இல்லாத மற்ற நேரத்தைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். 2019இல் அமெரிக்காவில் 124 பேரிடம் நடந்த சோதனையில், வீட்டிலேயே கணினி விளையாட்டும் காணொளி வழி மேற்பார்வையுமாகப் பயின்றவர்கள், மருத்துவமனைக்கு வந்து பயின்றவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள். 36 அமர்வுகள், அதில் பாதியில் தெரபிஸ்டே இல்லை. வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து புளூட்டோ என்ற சிறு கருவியை உருவாக்கியிருக்கின்றன. ஒரே மோட்டார், பிடிகளை மாற்றி மாட்டினால் மணிக்கட்டுக்கும் முன்கையைத் திருப்பவும் விரல்களை விரித்து மூடவும் பயன்படும். மேசைமேல் வைக்கலாம். நம் வீடுகளுக்குத் தேவை இந்த மாதிரிக் கருவி.

ஊர்ப்பிசியோ:
இதை ஒப்புக்கொள்கிறேன். கோடிக்கணக்கில் இயந்திரம் வாங்கிய மையம் அந்தக் கடனை அடைக்க நோயாளியைத் தேடுகிறது. மேசைமேல் வைக்கும் கருவிக்கு அந்த நெருக்கடி இல்லை.

மட்டுநகர்வாசி:
இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருந்தேன். நான் மட்டக்களப்பு. பக்கவாதம் எனக்கு. இடக்கையால் தட்டெழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

செயல்வழி அம்மையார் சொல்லும் அந்தக் கேள்வியை என்னிடமும் கேட்டார்கள். "ஐயா, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" ஒன்றும் வேண்டாம் என்றேன். பொய் சொல்லவில்லை. அசையாத கையை வைத்துக்கொண்டு என்ன ஆசைப்படுவது? பிறகு விரலில் மாட்டும் ஒரு கருவியில் உட்காரவைத்தார்கள். என் கண்ணுக்குத் தெரியாத அசைவை அது திரையில் கோடாகக் காட்டியது. நான் நினைத்தபோது கோடு ஏறியது. நினைக்காதபோது இறங்கியது. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு வாய் திறந்தது: வலக்கையால் மீன் முள் எடுத்துச் சாப்பிட வேண்டும் என்றேன். இடக்கையால் சோறு தின்பது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது.

ஆகவே முதலில் கேள்வி, பிறகு கருவி என்று கட்டாயமாக்காதீர்கள். எனக்கு மறுவளமாக நடந்தது. ஆனால் நான் மீன் என்று சொன்ன பிறகும் அதே கோட்டைக் காட்டிக்கொண்டிருந்திருந்தால் நான் வீட்டோடு நின்றிருப்பேன். அவர்கள் களிமண்ணுக்குள் தீக்குச்சிகளைப் புதைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னார்கள். பிள்ளை, உங்கள் அம்மாவுக்கு ஆசை ஏற்கெனவே இருக்கிறது. அது பெரிய மூலதனம்.

செயல்வழி:
ஐயா, நீங்கள் சொன்னதை என் மாணவர்களுக்குப் படித்துக் காட்டப்போகிறேன். ஆசையைக் கேட்பது ஒரு நாளில் முடிகிற படிவம் இல்லை. இடையிடையே திரும்பக் கேட்க வேண்டும். ஆனால் கருவி முன்னால் வருவது உங்களைப் போன்றவர்களுக்கு. கொசுவம் என்று வாய்விட்டுச் சொன்ன ஒருவரிடம் அந்தச் சாக்கு செல்லாது.

நெல்லைப்பெண்:
எல்லோருக்கும் நன்றி. இன்று அந்த மையத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். அம்மா முயன்ற பிறகு இயந்திரம் உதவுமா, அதுவே இழுக்குமா என்று கேட்டேன். "எல்லாம் தானியங்கி" என்றார்கள். கொசுவம் பற்றிச் சொன்னேன். "அதற்கு எங்களிடம் விளையாட்டு இல்லை" என்றார்கள். மொத்தத் தொகையைக் கட்டாமல் ஒரு வாரம் மட்டும் பார்க்க முடியுமா என்றதற்கு முடியாது என்றார்கள்.

பொறியியலாளன்:
அப்படியானால் அங்கே கட்ட வேண்டாம். என் கருத்து மாறவில்லை. அந்த மையம் அதற்குத் தகுதியானதல்ல. ஆனால் எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள். வீட்டில் என்ன பயின்றாலும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: எத்தனை முறை, எத்தனை முறை நழுவியது.

ஊர்ப்பிசியோ:
முதலில் பட்டோ வழுக்கும் துணியோ வேண்டாம். பழைய பருத்திப் போர்வையை நான்காக மடித்து மேசைமேல் விரித்து, உட்கார்ந்தே மடிக்கச் சொல்லுங்கள். தோள் வலித்தால் நிறுத்திவிடுங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சைப் பிரிவு இருக்கும். அங்கே ஒரு முறை காட்டி, விரல் விரிவதற்குக் கையில் கட்டும் துணைப்பட்டை (ஸ்பிளிண்ட்) தேவையா என்று கேளுங்கள். மருமகளையும் உடன் அழைத்துப் போங்கள். எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும், எந்த இடத்தில் கொடுக்காமல் நிற்க வேண்டும் என்று அவருக்கும் தெரிய வேண்டும்.