கண்ணை மூடினால்தான் தியானமா?

கெடிலக்கரை:
புதுச்சேரி தியானக் குழு ஒன்றின் அறிவிப்பு வாட்ஸ்அப்பில் சுத்துது. "கண்ணை மூடி 45 நிமிஷம் உடம்பைக் கவனியுங்கள், பழைய அதிர்ச்சி கரைந்துவிடும்." சுனாமியும் தானே புயலும் பார்த்த ஊருக்கு அனுப்புற அறிவிப்பா இது? அதிர்ச்சி தங்கின பலருக்குக் கண்ணை மூடினதும் வருவது அமைதி இல்லை, அதே காட்சி. கண் திறந்தே இருக்கணும். முதுகு சுவர்ல, வாசல் கண்ணுல படணும், பார்வை நாலடி தள்ளித் தரையில. பாதம் தரையை அழுத்துறதை மட்டும் கவனி. முதல்ல 3 நிமிஷம் போதும்.

வில்லியனூர் வேலன்:
கண் திறந்து உட்கார்ந்தால் அதற்குப் பெயர் வேடிக்கை பார்ப்பது. 45 நிமிடம் யாரோ இட்டுக்கட்டியதல்ல. ஜான் கபாட்-ஜின் 1979இல் அமெரிக்காவில் தொடங்கிய பயிற்சியில் உள்ளது. இடது கால் விரலில் தொடங்கி உச்சந்தலை வரை கவனத்தை நகர்த்துவது. படித்துவிட்டு வாருங்கள்.

கெடிலக்கரை:
படிச்சாச்சு. அது தீராத வலிக்காரங்களுக்காக ஆரம்பிச்சது, அதையும் சொல்லுங்க. ஜாஜென்னு ஜப்பானிய ஜென் தியானத்துல பாதிக் கண் திறந்து சுவரைப் பார்த்து உட்கார்றாங்களே, அவங்களும் வேடிக்கை பார்க்கிறாங்களா?

நெஞ்சு, வயிறு, இடுப்புன்னு போனா சிலருக்குப் பயம் பொங்கும். கை, பாதத்தோட நிறுத்தணும். மூச்சைக் கவனிக்கச் சொன்னா சிலர் வேகமா இழுப்பாங்க. ரத்தத்துல கரியமில வாயு குறைஞ்சு விரல் மரத்து, தலை சுத்தும், உயிர் போகுதோன்னு தோணும். உடனே மூச்சை விட்டுட்டு, கண்ணுக்குத் தெரியுற அஞ்சு பொருளைப் பேர் சொல்ல வைக்கணும்.

இன்னொண்ணு இதைவிட மோசம். படபடப்பே இருக்காது. கைகால் இருக்கிறதே தெரியாது, குரல் எங்கோ தூரத்துல கேட்கும். அந்த மரப்பை ஆழ்ந்த நிலைன்னு பாராட்டி அனுப்புறாங்க! நடத்துறவரும் கண்ணை மூடியிருந்தா இதை யார் பார்க்கிறது?

மணக்குளத் தெரு:
ரெண்டு பேரும் கண்ணையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ராத்திரித் தூக்கம் போனவருக்கு முதலில் மனநல மருத்துவர். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் அதற்கெனத் துறையே இருக்கிறது. அதிர்ச்சிக்குக் கண்ணை இடமும் வலமும் அசைத்துச் செய்யும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும் உண்டு. தியானம் பக்கத்துணைதான்.

கெடிலக்கரை:
பார்த்தீங்களா, அதுலயும் கண் திறந்துதான்!

மணக்குளத் தெரு:
நான் சொன்னது அதுவா அண்ணா?

வில்லியனூர் வேலன்:
மூச்சுப்பயிற்சி விவாதத்திலும் இவர் இப்படித்தான் குழப்பினார். புதுச்சேரிக்காரர் எது செய்தாலும் கடலூர்க்காரருக்கு எரியும். 2011 டிசம்பர் 30இல் தானே இரண்டு ஊருக்கும் நடுவில்தான் கரையேறியது. வேதனைக்குக் கடலூருக்கு மட்டும் பட்டா இல்லை.

கெடிலக்கரை:
பட்டா கேட்கலை. எங்க பலாவும் முந்திரியும் வேரோட விழுந்ததை நீங்க சொல்லித் தெரிய வேண்டாம். கேள்விக்கு வாங்க: அறிவிப்புல "கண் திறந்திருக்கலாம், நடுவுல எழுந்து போகலாம்"னு ஒரு வரி சேர்ப்பாங்களா, மாட்டாங்களா?

வில்லியனூர் வேலன்:
நடுவில் எழுந்தால் பயிற்சி முறியும். கண் மூடாமல் உள்முகம் இல்லை.

கெடிலக்கரை:
கதவையும் பூட்டிடுவீங்களா? கண் திறந்துதான். திரும்பவும் சொல்றேன்.