தனியார் நிறுவன மேடையில் அரசு அலுவலர்: உங்கள் அனுபவம் என்ன?

பதிவு 1

தரவுப் பாதுகாப்பு குறித்துப் பேச ஒரு மென்பொருள் நிறுவனம் அழைத்தபோது, துறைத் தலைவரின் எழுத்துப்பூர்வ அனுமதியுடன் சென்றேன், மதிப்பூதியம் பெறவில்லை. பொதுவான நடைமுறைகளை மட்டுமே விளக்கினேன், அந்த நிறுவனத்தின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. மறுவாரம் அவர்களுடைய விளம்பர மின்னஞ்சலில் என் படம் வந்தது. அதன் கீழே என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் பதவியும் துறையும், அவற்றை ஒட்டினாற்போல் ‘இப்போதே வாங்குங்கள்’ என்ற பொத்தானும் இருந்தன. நான் சொல்லாத ஒன்றை என் பதவி சொன்னதாக ஆக்கிவிட்டார்கள் என்பது இன்னும் மனத்தை உறுத்துகிறது.

பதிவு 2

பெயரை உச்சரிக்கவில்லை என்பது எங்களைப் போன்ற கொள்முதல் பிரிவினருக்கு ஆறுதலாகாது. ஒப்பந்தப்புள்ளிக்கு முந்தைய கூட்டமொன்றில் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி எழுந்து, “உங்கள் அதிகாரியே எங்கள் மாநாட்டில் பேசியிருக்கிறாரே” என்றார். மற்ற போட்டியாளர்கள் அனைவரும் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் தவறில்லை. இத்தகைய அழைப்புகளை அடியோடு மறுப்பதே முறை.

பதிவு 3

அடியோடு மறுப்பதை நான் ஏற்கவில்லை. புதிய விதியைப் பின்பற்ற வேண்டிய நிறுவனங்களுக்கு, அதை வகுத்த துறையே நேரில் விளக்குவதுதான் நல்லது. நான் பேச நின்ற மேசையின் முகப்பில் அவர்களுடைய பொருளின் பெயர்ப்பலகை இருந்தது. அகற்றினால்தான் பேசுவேன் என்றதும் துணியால் மூடினார்கள்.

அமெரிக்கக் கூட்டரசு ஊழியர்களுக்கான நன்னடத்தை விதிகளைப் படித்துப் பாருங்கள். பிரிவு 2635.702, சட்டம் இடம்தரும் சில நேர்வுகள் நீங்கலாக, ஒரு பொருளுக்கோ நிறுவனத்துக்கோ ஆதரவாகப் பதவியைப் பயன்படுத்துவதை மட்டுமன்றி, பிறர் அவ்வாறு பயன்படுத்த இடம்கொடுப்பதையும் தடுக்கிறது. பிரிவு 2635.807, தனிப்பட்ட முறையில் உரையாற்றுபவர் தம் பதவியைப் பல தன்விவரங்களுள் ஒன்றாக, மற்றவற்றைவிட முதன்மை தராமல் குறிப்பிட்டுக்கொள்ள அனுமதிக்கிறது. முதல் பதிவில் சொல்லப்பட்ட பெரிய எழுத்துக்கு அங்கே இடமே இல்லை.

ஆகவே ஒப்புதல் தரும் முன்பே அழைப்பிதழின் வரைவைக் கேட்டு வாங்குங்கள். படத்தையும் காணொளியையும் விற்பனைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதி வாங்குங்கள். உரைக்கான காட்சித்தாள்களைத் துறையின் வடிவத்திலேயே கொண்டு செல்லுங்கள். பொருளின் அறிமுகத்துக்கு முன்னோ பின்னோ உங்கள் உரை வருகிறதா என்று நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். அப்படி வருமானால் வேறு நேரம் கேளுங்கள். அதே உரையைப் போட்டி நிறுவனம் கேட்டாலும் ஆற்ற உங்கள் துறை அனுமதிக்குமா என்பதையும் அனுமதிக் கடிதத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.