பாட்டு முடிவதற்குள் குரல் ட்ராக்கை விட்டு விலகிவிடுகிறது. என்ன காரணம்?

சுருதிப்பெட்டி:
யூஎஸ்பி மைக், லேப்டாப், ஆடாசிட்டி என்ற ரெக்கார்டிங் மென்பொருள். கரோக்கி 4 நிமிடம். ஹெட்போன் லேப்டாப் ஜாக்கில். பாடும்போது தாளம் சரியாகத்தான் இருக்கிறது. திரும்பப் போட்டால் பல்லவியிலேயே குரல் பிந்துகிறது. குரல் ட்ராக்கை முன்னால் நகர்த்திப் பல்லவியைப் பொருத்தினால், கடைசிச் சரணத்தில் மறுபடி பிந்துகிறது. ஒலியைக் கணினி துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் பஃபரைக் குறைத்தும் பயனில்லை. போதாததற்கு, குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல் கேட்கிறது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் தனிப்பெட்டி) வாங்கினால்தான் தீருமா?

அலைவடிவம்:
வாங்க வேண்டாம், பொறுங்கள். இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கின்றன.

பல்லவியிலேயே பிந்துவது லேட்டன்சி, அதாவது ஒலி கணினிக்குள் போய்வர ஆகும் தாமதம். பாட்டு முழுக்க ஒரே அளவில் இருக்கும், நகர்த்தினால் சரியாகிவிடும். போகப் போகக் கூடுவது வேறு: மைக்குக்குள் ஒரு கடிகாரம், லேப்டாப் சவுண்ட் கார்டில் இன்னொன்று. இரண்டுமே விநாடிக்கு 48,000 சாம்பிள் (ஒலி அளவீடு) என்று சொன்னாலும் துல்லியமாக ஒத்து ஓடாது. பத்தாயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலே 4 நிமிடத்தில் 24 மில்லிசெகண்ட் விலகும். பஃபருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மைக்கில் ஹெட்போன் ஜாக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதில் மாட்டி, ஆடாசிட்டியில் ரெக்கார்டிங், பிளேபேக் இரண்டுக்கும் அந்த மைக்கையே தேர்ந்தெடுங்கள். ஒரே கடிகாரம் ஆகிவிடும். மென்பொருள் வழியாக உங்கள் குரலைக் கேட்கும் வசதியை அணைத்துவிடுங்கள்; இல்லையென்றால் காதில் இரண்டு குரல் கேட்கும்.

ஏற்கெனவே பாடியதைத் தூக்கிப் போட வேண்டாம். பல்லவியைப் பொருத்திய பிறகு கடைசி வரி எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து பாருங்கள். 4 நிமிடத்துக்கு 40 மில்லிசெகண்ட் என்றால் 0.017 சதவீதம். குரல் ட்ராக்கின் வேகத்தை அந்த அளவு கூட்டுங்கள். சுருதி ஒரு சென்ட்கூட (அரை ஸ்வரமான செமிடோனில் நூறில் ஒரு பங்கு) ஏறாது. டெம்போ மாற்றும் எஃபெக்ட் பக்கம் போகாதீர்கள், அது குரலை வெட்டி ஒட்டித்தான் வேலை செய்யும்.

நாலுகளை:
சாம்பிள் ரேட் பொருந்தாமல் இருக்கலாமே? ட்ராக் 44.1 கிலோஹெர்ட்ஸ், ப்ராஜெக்ட் 48?

அலைவடிவம்:
அப்படியிருந்தால் வேகமே 8.8 சதவீதம் மாறி, சுருதி ஒன்றரை செமிடோன் தள்ளிப் போயிருக்கும். முதல் வரியிலேயே காது சொல்லிவிடும். இன்னொரு சந்தேகத்தை வேண்டுமானால் பார்க்கலாம்: விலகல் மெல்ல மெல்லக் கூடாமல் ஓரிடத்தில் சட்டென்று குதித்தால், கணினி அங்கே சில சாம்பிள்களைத் தவறவிட்டிருக்கிறது. பஃபரை அளவுக்கு மீறிக் குறைத்தால் நடப்பது அதுதான்.

கம்பளிச்சுவர்:
குடம் விஷயத்துக்கு வருகிறேன். மைக் மேசை மேல் நிற்கிறதா? மேசையில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடிக் குரலுக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்ந்து, சில அலைவரிசைகளைத் தின்றுவிடும். மைக்கை ஸ்டாண்டில் வாய் உயரத்துக்கு ஏற்றி, 15 முதல் 20 செ.மீ. தள்ளி நின்று பாடுங்கள். இன்னும் நெருங்கினால் அடிக்குரல் ஊதிப் பெருக்கும்.

அடுத்து, பலரும் மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில் ஃபோம் ஒட்டுகிறார்கள். முன்பக்க ஒலியையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் காது மந்தம். அது பார்ப்பது உங்களை, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரை. கனமான கம்பளியையோ ரஜாயையோ அங்கே தொங்கவிடுங்கள், சுவரிலிருந்து 10 செ.மீ. இடைவெளி விட்டு. மெல்லிய ஃபோம் மேல் ஒலியை மட்டும் குடித்துவிட்டு கீழ் ஒலியை அப்படியே விடும், குடம் இன்னும் குடமாகும். அறையின் நட்டநடுவும் மூலையும் வேண்டாம்.

எதிரொலி ஒருமுறை பதிந்துவிட்டால் ஈக்யூவால் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எடுக்க முடியாது. 250 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் குறைத்தால் கொஞ்சம் மறையும், அவ்வளவே. நாய்ஸ் ரிடக்‌ஷனை இதற்குப் போடவே கூடாது. அது மின்விசிறி இரைச்சல் போல மாறாத சத்தத்துக்கானது; அதிலும் அளவுக்கு மீறிப் போட்டால் குரல் தண்ணீருக்குள் பேசுவது போலாகும்.

சுருதிப்பெட்டி:
மைக் ஜாக்குக்கு மாற்றியதும் கடைசிவரை ஒரே விலகல்தான், சுமார் 35 மில்லிசெகண்ட். ஒவ்வொரு டேக்கையும் கையால் நகர்த்த வேண்டுமா?

அலைவடிவம்:
தேவையில்லை. ஆடியோ செட்டிங்ஸில் லேட்டன்சி காம்பன்சேஷன் என்று இருக்கும், தொடக்க மதிப்பு மைனஸ் 130 மில்லிசெகண்ட். அதை மைனஸ் 165 ஆக்குங்கள். காதால் கணித்த 35-ஐ நம்ப வேண்டாம். டக் டக் என்று தாளம் தட்டும் ஒரு க்ளிக் ட்ராக் உருவாக்கி, ஹெட்போன் காதுமடலை மைக் மேல் அழுத்தி வைத்து அதையே பதிவு செய்யுங்கள். இரண்டு அலைகளையும் பெரிதாக்கி, முனைகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து, பதிவு பிந்தினால் அந்த அளவை இப்போதுள்ள மதிப்பிலிருந்து கழித்துப் போடுங்கள். சாதனத்தையோ பஃபரையோ ப்ராஜெக்ட் ரேட்டையோ மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும்.

நாலுகளை:
அளக்கும்போது ப்ளூடூத் ஹெட்போன் வேண்டாம். அதன் தாமதமே பெரும்பாலும் 100 மில்லிசெகண்டைத் தாண்டும், நாளுக்கு நாள் மாறவும் செய்யும்.